மாப்பிள்ளை கார் நிற்க வேண்டிய இடம்

வகுப்பில் நான் பேசுவதைத் தள்ளி நின்று கேட்டால் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிடும். அவ்வளவு நன்றாகப் பேசுவேன். மேற்கு வெயிலைச் சுவரில் விழ விடாதீர்கள், கிழக்கே கடல் இருக்கிறது, அங்கிருந்து வருகிற காற்றுக்கு ஜன்னல் வையுங்கள், மழைத் தண்ணீரைத் தெருவுக்கு விரட்டாதீர்கள், வேப்பமரத்தை வெட்டுவதற்கு முன் அதன் நிழலில் உட்கார்ந்து ஒருநாள் சாப்பிட்டுப் பாருங்கள் என்றெல்லாம் அடுக்குவேன். காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டட சூப்பர்வைசர்களுக்குப் பசுமைக் கட்டுமானப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சிவில் படித்தவள். வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வாயை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

வகுப்புக்கு இருபது பேருக்குக் கொஞ்சம் கூடவே வருவார்கள். கருக்களாச்சேரி, மண்டபத்தூர் பக்கத்துக் கடற்கரைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் சிலர், உள்ளே நெல் விளைகிற ஊர்களிலிருந்து சிலர். வாரம் முழுக்க வெயிலில் நின்று சென்ட்ரிங் ஆட்களோடும் கொத்தனார்களோடும் கத்திவிட்டு, கிடைக்கிற ஒரு லீவு நாளில் இங்கே வந்து மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பது பூமியின் மேல் உள்ள பாசத்தால் அல்ல. சான்றிதழ் வேண்டும். வளைகுடாவில் சில கம்பெனிகள் இப்போது இதைக் கேட்கிறார்களாம். அதனால் என்ன, வந்த பிறகு நன்றாகவே கற்றுக்கொள்வார்கள். இடிபாட்டைத் தரம் பிரிப்பது எப்படி என்று ஒரு பாடம் எடுத்தேன். செங்கல் தனி, ஓடு தனி, சாக்கு தனி என்று. அதற்குப் பிறகு டீ குடித்த பேப்பர் கப்பையும் பிஸ்கட் உறையையும்கூடத் தனித்தனியாக வைத்து என்னைக் கேலி செய்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் நான் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். அதனால் பெண்ணுக்கு ஒரு வீடு எழுதி வைத்தாக வேண்டும். மகள் பிறந்த வருடமே மனை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. எங்கள் மனையும் அப்படித்தான், என் மகளை விட ஒரு வயது இளையது. என் கணவர் ஷார்ஜாவில் இருந்துகொண்டு பணம் அனுப்ப, இங்கே நான் வரைந்து, நானே கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நான் முதலில் வரைந்த வரைபடம் நல்ல வரைபடம். அதை இப்போதும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். கிழக்கே பெரிய ஜன்னல்கள், மேற்கே தெருப்பக்கம் கனமான சுவர், முற்றத்தில் வேப்பமரம், வாசலுக்குப் பக்கத்தில் மழைத் தண்ணீர் இறங்க ஒரு குழி.

பிறகு லாத்தா வந்தாள். லாத்தா என்றால் என் அக்கா. அவளுடைய மகளுக்கு வீடு கட்டி முடித்தது முந்தின வருடம்தான். தெருவைப் பார்த்த முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் கண் கூசும்.

"ஏண்டி, இது என்ன எலிவேஷனு? ஆஸ்பத்திரிச் சுவரு மாதிரி மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்கிது. மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க வீடு பார்க்க வந்தா என்ன சொல்லுவாங்க? எம் மவளுக்கு ஒண்ணு, உம் மவளுக்கு ஒண்ணுன்னா ஊரு சிரிக்காதா?"

நான் வெயிலைப் பற்றிச் சொன்னேன். ஏசி போட்டுக்க என்றாள். கணவரிடம் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்குள்ள நான் வரலம்மா, லாத்தா சொல்றபடி செஞ்சிரு, கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார். மேற்குச் சுவர் கண்ணாடியாயிற்று. கிழக்கே பக்கத்து வீட்டுக் கொல்லை தெரிகிறது, புதுப்பெண் புழங்குகிற இடம் என்று ஜன்னல்கள் சுவராயின. வேப்பமரம் போன அன்றைக்கு நான் வீட்டுப் பக்கமே போகவில்லை. யாரோ என்னைக் கட்டிவைத்துச் செய்ய வைத்தது போலச் சொல்கிறேனே, அதுவும் பொய். ஒவ்வொன்றுக்கும் சரி சொன்னது நான்தான். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மகளின் வீடு குறைவாகத் தெரிந்துவிடுமோ என்கிற பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. படிப்பு அந்தப் பயத்தைத் தொடக்கூட இல்லை.

கண்ணாடி வந்து இறங்கிய வாரம், மேற்கு வெயிலைப் பற்றி வகுப்பில் எப்போதையும்விடக் காரமாகப் பேசினேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது. பேசிக்கொண்டிருக்கும்போதே காது மடல் சுட்டது. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு சூப்பர்வைசராக இருந்தவர் குரும்பகரத்துக்காரர். விவசாயக் குடும்பம், டிப்ளமோ படித்தவர், முப்பதைத் தொடுகிற வயது, ஒரு கைக்குழந்தை. எந்த நாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. ஆனால் தாமதத்துக்கு அவர் சொல்கிற காரணத்தைக் கேட்டால் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிடும். தினம் தவறாமல் அவருடைய வண்டி மட்டும் பஞ்சராகும். வெளிநாட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவரை வகுப்பில் இழுத்துவந்து சேர்த்ததும் நான்தான். பாடத்தில் பாதி நேரம் தூங்கி வழிவார். மழைக்குழிப் பாடத்தில் மட்டும் எப்படியோ விழித்துக்கொண்டார். குடிக்க உப்புத் தண்ணீர்தான் என்று ஆகிவிட்ட தெருக்கள் இங்கே நிறைய இருக்கின்றன, அவருடைய மாமியார் வீடு அப்படி ஒரு தெருவில். ஒருவேளை அதனால் இருக்கலாம்.

என் வீட்டு வாசலில் அந்தக் குழியை அவர்தான் முன்னால் நின்று போட்டார். சிமெண்ட் உறை இறக்கி, அடியில் பெருங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேலே மணல். மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியாக நேரே அதில் விழும். டிரம் டிரம்மாகத் தண்ணீர் ஊற்றி, அது உள்ளே இறங்குவதைச் சின்னப் பிள்ளை போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "குடிக்கிது பாருங்க மேடம், குடிக்கிது" என்றார். மற்ற எதைச் செய்துவிட்டும் அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டியதில்லை.

லாத்தாவுக்குக் குழி பிடிக்கவில்லை. வாசலிலேயே செப்டிக் டேங்க் மாதிரி இருக்கிறது என்றாள். அதோடு, மாப்பிள்ளை கார் எங்கே நிற்கும்? மூடி டயருக்குத் தாங்குமா? பாரம் தாங்குகிற மூடி போடலாம். எப்படிப் போடுவது என்பது எனக்குத் தெரியும், அதையும் பாடமாக எடுக்கிறேன். ஆனால் ஏற்கெனவே பல விஷயங்களில் இழுத்தடித்திருந்தேன், லாத்தாவோடு இன்னொரு சண்டைக்குத் தெம்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு நடுவே டீ இடைவேளையில் குரும்பகரத்துக்காரரைப் படிக்கட்டுக்கு அழைத்துச் சொன்னேன்.

"தம்பி, அந்தக் குழியை மூடிருங்க. மேல பேவர் கல்லு போட்டுருவோம். நாளைக்கே முடிச்சிருங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரிங்க மேடம்" என்றார். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் உள்ளே போனோம். நிலத்தடி நீர் என்கிற பாடத்தை நான் தொடர்ந்தேன்.

பயிற்சியின் கடைசியில் ஒரு தேர்வு. எழுதுவது கொஞ்சம்தான். முக்கியமானது, ஒவ்வொருவரும் தன் சைட்டில் தானே முன்னின்று செய்த ஒரு பசுமை வேலையைக் காட்ட வேண்டும். அது இல்லாமல் சான்றிதழ் கிடையாது. அவருக்கு அந்தச் சமயம் ஷார்ஜாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை கூடிவந்துவிட்டது. இந்த மாதத்துக்குள் சான்றிதழ் கைக்கு வர வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்கு. அடுத்த பேட்ச்சுக்குத் தேர்வு நடக்க இன்னும் பல மாதம் ஆகும், மாம்பழக் காலமே முடிந்திருக்கும்.

"எனக்கு இருக்கிறது உங்க வீட்டு சைட்டு ஒண்ணுதான் மேடம். நான் செஞ்சதும் அந்தக் குழி ஒண்ணுதான். அதையே காட்டிர்றேன்" என்றார். பிறகு ஒரு கள்ளச் சிரிப்பு. "உங்க வீட்டுக்கு நீங்களே ஃபெயில் போட்டுக்குவீங்களா என்ன?"

அவருடைய கணக்கு அது. மூடியது நான், மார்க் போடுவதும் நான், அப்புறம் என்ன பயம்? குழி இப்போது இல்லையே தம்பி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "பாத்துக்கலாம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு பேருமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

இந்த முறை மார்க் போட வெளியிலிருந்து ஆள் வருவார் என்று தேர்வுக்கு முந்தின நாள்தான் தகவல் வந்தது. வந்தவர் ஓய்வு பெற்ற என்ஜினீயர், புதுச்சேரிக்காரர். வெள்ளைச் சட்டை, தடிமனான கண்ணாடி, அடங்கிய குரல். ஒவ்வொருவராகத் தாங்கள் செய்த வேலையின் போட்டோவைப் போனில் காட்டினார்கள். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பிங்களா, மூணு பேரு ஒரே போட்டோவைக் காட்டுறீங்க. அதுல நிக்கிற நாய்கூட ஒரே நாய்தான்."

வகுப்பு சிரித்தது. எனக்கு வாட்ஸ்அப்பைக் கண்டுபிடித்தவன் மேல் கோபம் வந்தது. அவர் சிரிக்கவில்லை. போட்டோ வேண்டாம், நேரில் போய்ப் பார்த்துவிடலாம், பக்கத்தில் இருக்கிறவற்றை மட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். ஒரு வேன் பிடித்தோம். மிச்சப் பேர் பைக்கில் வந்தார்கள்.

அன்றைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மத்தியானமே வகுப்பை முடித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று நான் போட்டிருந்த திட்டம் வேனுக்குள் என்னோடு உட்கார்ந்து வந்தது.

மண்டபத்தூரில் ஒருவர் தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றித் தண்ணீரை மிச்சம் பிடித்திருந்தார். நகரத்துக்குள் இன்னொருவர் மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு பதித்திருந்தார். தேர்வாளர் தொட்டுப் பார்த்து, தலையசைத்து, மார்க் போட்டார். அடுத்தது நம்முடையதுதான் என்று குரும்பகரத்துக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கள்ளச் சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. வேனிலேயே தேர்வாளரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "வெயில் அதிகமா இருக்குல்ல சார்" என்றேன்.

வாசலில் வேன் நின்றபோது லாத்தா பேவர் கற்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்துக்கொண்டிருந்தாள். வேன் நிறைய ஆண்கள் இறங்குவதைப் பார்த்து முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். "அல்லாவே, ஆம்பளைங்களும் வர்றதாச் சொல்லலையே, சர்பத்துக்குத் தண்ணி போதாதே" என்கிற குரல் தெரு வரை கேட்டது. என்னைக் கண்டதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. என் வகுப்பு என்று தெரிந்ததும் பெருமை தாங்கவில்லை. கண்ணாடியைப் பாருங்க, உள்ள வந்து ஏசியைப் பாருங்க என்று தேர்வாளரையே அழைத்தாள். மேற்கு வெயில் கண்ணாடியில் பட்டு அவருடைய வெள்ளைச் சட்டையில் அடித்துக்கொண்டிருந்தது.

"மழைக்குழியைப் பார்க்க வந்தோம்மா" என்றார் அவர்.

குரும்பகரத்துக்காரர் வாசலில் ஓரிடத்தில் போய் நின்று காலால் காட்டினார். "இங்கதாங்க சார்." கழுவிய பேவர் கற்கள் பளபளவென்று இருந்தன.

"குழியா?" என்றாள் லாத்தா. "அதை அப்பவே மூடியாச்சே. இவதான் மூடச் சொன்னா. மாப்பிள்ளை காரு நிக்கணும்ல?"

அவளுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை, அதனால் உரக்கச் சொன்னாள். நான் நின்ற இடத்திலேயே பூமி பிளந்து என்னை வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பூமியிலும் வழியில்லாமல் கல் பாவியிருந்தேனே.

தேர்வாளர் என்னைப் பார்த்தார். "இது உங்க வீடா மேடம்?"

"ஆமாங்க சார்."

சூப்பர்வைசர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவர் மின்கம்பத்தைப் பார்த்தார், ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். ஆனால் ஒரு முகத்தில்கூட ஆச்சரியம் இல்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "உங்ககிட்ட நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று ஆரம்பித்தேன். அவர்களில் கருக்களாச்சேரிக்காரர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

"தெரியும் மேடம். கண்ணாடி வந்து இறங்குன அன்னிக்கே தெரியும்."

இருக்காதா பின்னே. அலுமினியக் கடைக்காரரும், பேவர் கல் கொண்டுவந்த டிரைவரும், மரம் வெட்டியவர்களும் இவர்களுக்குத் தினமும் பழகிய ஆட்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. நான் காரமாகப் பேசிய அத்தனை வாரமும், என்னிடம் கண்ணாடியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், எழுதிக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாடத்தில் அக்கறை இல்லை என்று அவர்களை நான் திட்டியதும் உண்டு. அவர்கள் எனக்குக் காட்டியது மரியாதை. அதை நினைத்தால் இன்றைக்கும் சாப்பிடுகிற கை நின்றுவிடுகிறது.

தேர்வாளருக்கு என் வீட்டு விவகாரம் எதுவும் தேவைப்படவில்லை. "சரி மேடம். இவர் குழி போட்டாரா இல்லையா, எனக்கு அது மட்டும் தெரியணும்."

"போட்டாருங்க சார். நல்லாப் போட்டாரு. நான் பார்த்தேன். உறை இறக்கி, ஜல்லி, மணல் எல்லாம்..."

அவர் கையை லேசாக உயர்த்தினார். "தப்பா நினைக்காதீங்க மேடம். வீடு உங்களுது. மூடினதும் நீங்க. இதுல உங்க வார்த்தையை நான் எடுத்துக்க முடியாது."

அவர் சொன்னது நியாயம். இருபது வருடம் படிப்பும் வேலையுமாகச் சேர்த்து வைத்த வார்த்தை, ஒரு மனிதருக்கு உதவ வேண்டிய ஒரே நேரத்தில் செல்லாததாகப் போயிற்று. நேரில் பார்க்காமல் மார்க் இல்லை என்றார். பார்க்க வேண்டுமென்றால் கல்லைப் பெயர்க்க வேண்டும்.

"கல்லைப் பேக்கவா?" லாத்தா நெஞ்சில் கை வைத்தாள். "இன்னும் செத்த நேரத்துல பாங்கு சொல்லிருவாங்க. தொழுதுட்டு அவங்க கெளம்பி வந்துருவாங்க. வாசலைக் கிண்டிப் போட்டு வச்சிருந்தா முகத்துல எப்படி முழிக்கிறது? ஏண்டி, சொல்லேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எடுங்கள் என்று ஒரு சொல். ஒரு ஆளுடைய வேலை, கைக்குழந்தை, மாதக் கடைசி எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. நான் பேவர் கல்லைப் பார்த்தேன். பெயர்த்தால் திரும்பப் பதிக்க எவ்வளவு நேரமாகும், மணல் எங்கே கொட்டுவது, மாப்பிள்ளையின் அம்மா முதலில் எங்கே காலை வைப்பார் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வாய் திறக்கவில்லை.

குரும்பகரத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "வேணாங்க சார், விட்ருங்க" என்றார். "விசேஷ வீடு. நான் அடுத்த பேட்ச்சுல எழுதிக்கிறேன்."

அப்போது எனக்கு வந்தது நிம்மதி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வேறு பெயர் இல்லை அதற்கு. அடுத்த பேட்ச்சுக்குள் அவருடைய வேலை போய்விடும் என்று தெரிந்திருந்தும், அப்பாடா என்று தோள் இறங்கியது. அவர் அதையும் பார்த்திருப்பார்.

"எடுங்கண்ணே."

என் மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்காக உடுத்தி, ஒரு காதில் மட்டும் கம்மல் போட்டிருந்தாள்.

"உள்ள போடி" என்றாள் லாத்தா.

"வீடு யாரு பேர்ல பெரியம்மா இருக்கு? எம் பேர்லதானே? நான் சொல்றேன், எடுங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "காரு நிக்கணும், காரு நிக்கணும்னு ஆளாளுக்குச் சொல்றீங்களே உம்மா. யாராச்சும் என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவங்களுக்குக் காரே ஓட்டத் தெரியாது. வாங்குற எண்ணமும் இல்லையாம்."

அவளும் மாப்பிள்ளையும் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்பது அந்த நிமிடம்தான் எங்களுக்குத் தெரிந்தது. கோபிக்க வேண்டியது கார் இல்லாததற்கா, போனுக்கா என்று லாத்தாவுக்குப் பிடிபடவில்லை.

சூப்பர்வைசர்களுக்கு அதற்கு மேல் உத்தரவு தேவையாயில்லை. கடப்பாரை எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. ஆறு நாளும் ஆட்களை வேலை வாங்குகிறவர்கள், அன்றைக்குத் தாங்களே குனிந்து, கல்லைக் கல்லாக உடையாமல் எடுத்து அடுக்கினார்கள். அடியில் உறையின் விளிம்பு வட்டமாகத் தெரிந்தது. உள்ளே என்னுடைய வீட்டின் மிச்சமெல்லாம் கிடந்தது. அரைச் செங்கல், உடைந்த ஓடு, சிமெண்ட் சாக்கு, குளியலறைக் குழாய்த் துண்டு.

"குழியில இதையெல்லாம் போடலாமா?" என்று தேர்வாளர் குரும்பகரத்துக்காரரைக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஒரே நாள்ல மூடணும்னு நான்தான் சொன்னேன் சார்" என்றேன். அன்று முழுதும் நான் பேசியதில் உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான், அதுவும் மெதுவாகத்தான் வந்தது.

அவர்கள் உள்ளே இருந்ததை வெளியே எடுத்துப் போட்டார்கள். யாரும் சொல்லவில்லை. செங்கல் ஒரு பக்கம் போயிற்று, ஓடு ஒரு பக்கம், சாக்கும் குழாயும் ஒரு பக்கம். நான் சொல்லிக் கொடுத்தபடியே, சிரிக்காமல், என் வாசலில் அழகாக மூன்று குவியல்கள் வைத்தார்கள். ஜல்லி தெரிந்ததும் குரும்பகரத்துக்காரர் வாளியில் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றினார். இறங்கியது. தேர்வாளர் குனிந்து கடைசிச் சொட்டு வரை பார்த்தார். பிறகு அவருடைய தோளைத் தட்டினார்.

"பாஸுப்பா. நல்ல வேலை."

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். குவியல்களுக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். சம்பந்தியம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்து, சற்று நேரத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பின்னால் காற்று வருகிற இடமாகப் பார்த்து ஒரு நாற்காலி போடச் சொன்னார். காற்று வருகிற இடம் எதுவும் இல்லை. ஏசியைக் கூட்டினோம். வாசலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

நான் சர்பத்துத் தட்டை லாத்தாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வேன் போயிருந்தது. குரும்பகரத்துக்காரர் மட்டும் கழுவிய கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, நீங்க வேணாம்னு சொன்னப்ப நான் சும்மா நின்னுட்டேன். அது எனக்கு..."

"அட விடுங்க மேடம்" என்றார். என்னைத் தேற்றுகிற குரல்தான், குத்தல் ஒரு துளியும் இல்லை. கையை உதறிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். "நாங்க பார்க்காத ஓனருங்களா?"

திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் அதற்கு இடம் வைக்கவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பி, வரேன் மேடம் என்று எப்போதும் போலச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.